மிளகாய் இல்லாத திங்கட்கிழமை

என் டைரியில் ஒரு திங்கட்கிழமைப் பக்கத்தில் குழம்புக் கறை இருக்கிறது. மிளகுக் குழம்பு. முப்பத்தொரு வருட கேன்டீன் வேலையில் நான் எழுதிவைத்த டைரிகளில் கறை படிந்த பக்கம் அது ஒன்றுதான். மற்ற பக்கங்கள் ஒழுங்காக இருக்கும்: நாள், கிழமை, அன்றைய சமையல், எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எத்தனை டிரம் மிச்சம் திரும்பியது, மழையா வெயிலா.

நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். இப்போது எந்தக் கம்பெனிக்குப் போனாலும் சிறுதானியம் போடுங்கள், பழங்காலச் சாப்பாடு போடுங்கள் என்கிறார்கள். அதைப் பற்றி என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் செய்முறைதான் கேட்டீர்கள். சாமைக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை நேரம் ஊறவேண்டும் என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும். நான் அந்தக் கறையைப் பற்றிச் சொல்கிறேன்.

சந்தாபுராவைத் தாண்டி ஒரு சட்டைத் தொழிற்சாலை. தையல் பிரிவில் வேலை செய்பவர்கள் அநேகமாக எல்லோரும் பெண்கள். பாதிப் பேர் ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர்கள், பாதிப் பேர் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்து தங்கிய தமிழர்கள். அங்கே கேன்டீன் பொறுப்பு என்னுடையது. சமையல் மேஸ்திரி முனிரத்னம், அவருக்குக் கீழே பதின்மூன்று பெண்கள்.

என் வீடு பிரேசர் டவுனில். காலையில் கம்பெனி வேனில் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் சில்க் போர்டு சிக்னலில் நெரிசல் எப்படி இருக்கிறதோ அதைப் பொறுத்து இரண்டு மணி நேரம். நான் வாசித்ததெல்லாம் அந்த வேனில்தான். கோயில் மடைப்பள்ளிக்கு என்னென்ன கொடுக்கவேண்டும் என்று கல்வெட்டில் வெட்டிவைத்ததைப் பற்றிப் படிப்பேன். எந்தக் காய் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று படிப்பேன். எது எப்போது வந்தது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. என் கணவர் இதை ஒரு வியாதி என்பார். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வருடம் எங்கள் கேன்டீனுக்கு நேரம் சரியில்லை. வெள்ளைச் சோறு, நீர்த்த சாம்பார், உருளைக்கிழங்கு. தினமும் இரண்டு டிரம் நிறைய மிச்சம் திரும்பியது. தொழிற்சாலை மேலாளர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து வெளியே ஒருவரிடம் பொட்டலச் சாப்பாடு வாங்கப் போவதாகவும் சமையலறையை மூடிவிடுவதாகவும் சொன்னார். பதினாலு பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். நான் ஒரு வாரம் கேட்டேன். புதுச் சமையல் போடுகிறேன், திங்கள் முதல் சனி வரை பாருங்கள் என்றேன். சனிக்கிழமை ஒரு டிரம்முக்கு மேல் திரும்பினால் பேச்சில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார்.

அதே வாரம் வியாழக்கிழமை தொழிற்சாலையில் மருத்துவ முகாம் நடந்தது. எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள், எனக்கும் சேர்த்து. ரத்தத்தில் சத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மட்டும்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எச்.ஆர். அதிகாரி, நல்ல பையன், பெண்களின் பெயர்களைக்கூட மனப்பாடமாக வைத்திருப்பவன், என்னை வராந்தாவில் நிறுத்தி, நிறையப் பேருக்கு ரத்தம் குறைவு என்று ரகசியமாகச் சொன்னான். அடுத்த வாரம் சனிக்கிழமை டாக்டர் வந்து ஆளுக்கொரு கவர் கொடுத்து விளக்குவார், அதுவரை யாரிடமும் பேசவேண்டாம் என்றான்.

நான் அன்று வேனில் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. சாமை, கேழ்வரகு, கீரை, பாசிப்பயறு, எள் என்று எத்தனை வருடமாக மனத்தில் சமைத்துக்கொண்டிருந்தேன். இப்போது காரணமும் கிடைத்துவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் போடுவதுதான் போடுகிறோம், சுத்தமாக, பழையபடியே போடுவோம் என்று தோன்றியது. அன்று இரவே ஒரு பட்டியல் எழுதி, சனிக்கிழமை காலை சமையலறைச் சுவரில் ஒட்டினேன். ஒரு பக்கம் நம் மண்ணில் ஆயிரம் வருடமாக இருப்பவை. மறு பக்கம் கப்பலேறி வந்தவை: தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய். இரண்டாவது பக்கத்தில் இருப்பது எதுவும் இனிமேல் அடுப்பு ஏறக்கூடாது.

முனிரத்னம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பட்டியலை இரண்டு தடவை படித்தார்.

"வத்தல் மிளகா கூடவா மேடம்?"

போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது, ஐந்நூறு வருடம்தான் ஆகிறது என்றேன்.

"எனக்கு வர்ற தை மாசம் அம்பத்தொம்பது. என்னைவிட மூத்ததுதானே மேடம் அது?"

நான் சிரித்துவிட்டு, ஸ்டோரில் இருக்கிற மிளகாயைக் காய்கறிக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன். காரத்துக்கு மிளகு, இஞ்சி போதும். அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று நான் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை பன்னிரண்டரைக்கு முதல் பந்தி. சாமைச் சோறு, மிளகும் பூண்டும் சீரகமும் அரைத்த குழம்பு, பாசிப்பயற்றுக் கூட்டு, கீரை, இஞ்சி தட்டிப் போட்ட மோர், எள்ளுருண்டை. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க நிறைவாக இருந்தது. டைரியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

வரிசையில் முதலில் வந்தவள் சௌபாக்யா. காலர் பிரிவில் வேலை செய்பவள், வாய் கொஞ்சம் நீளம். குழம்பை முகர்ந்து பார்த்தாள், மோரை முகர்ந்து பார்த்தாள், என்னைப் பார்த்து, "யாரிகே ஹெரிகே ஆய்து மேடம்?" என்றாள். யாருக்குப் பிரசவம் ஆச்சு என்று கேட்கிறாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பத்து நிமிடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் முதல் பந்தியின்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, அவ்வளவு இரைச்சல். அன்றைக்குத் தட்டுச் சத்தம்கூட இல்லை. கிசுகிசுவென்று ஒரு பேச்சு மேசைக்கு மேசை போய்க்கொண்டிருந்தது. எழுந்து போகிறவர்களின் தட்டில் சாமை அப்படியே குவியலாக இருந்தது.

நான் பாத்திரம் கழுவுமிடத்துக்கு ஓடினேன். அங்கே ஓர் அக்கா இருந்தார். பேர் சொல்லமாட்டேன், அவருக்குப் பிடிக்காது. கேன்டீன் ஆரம்பித்த நாள் முதல் அவர் இடம் அதுதான்: தட்டு வரும், மிச்சத்தை டிரம்மில் தட்டுவார், தட்டைத் தொட்டியில் போடுவார். யார் சாப்பிட்டார்கள் என்று ஏறிட்டுப் பார்க்கமாட்டார், தட்டை மட்டும் பார்ப்பார். உப்பு தூக்கலா, சோறு வேகவில்லையா, தட்டுக்காரிக்குப் பல்வலியா, எல்லாம் சொல்லிவிடுவார். இந்தத் தொழிலில் எனக்கு யார் குரு என்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன், அவர் என்னைவிட நாலு வயது சின்னவர் என்றாலும்.

ஒரு டிரம் நிறைந்து, இரண்டாவது பாதி ஆகியிருந்தது. அவர் கையை நிறுத்தாமலே பேசினார்.

"இது பத்தியம் மேடம். பெத்தவளுக்கும் ஜொரக்காரிக்கும் போடுறது. கன்னடத்துல பாணந்தி ஊட்டான்னு சொல்லுவாங்க. வியாழக்கெழம ரத்தம் எடுத்தீங்க. திங்கக்கெழம பத்தியம் போடுறீங்க. அதுங்க இன்னா நெனைக்கும்?"

மிளகாய் இல்லாத மிளகுக் குழம்பு, பூண்டு, இஞ்சி மோர். எந்த வீட்டிலும் இது நோய்க்காரர் தட்டு. ஆயிரம் வருடம் பின்னால் போய்ப் பார்த்த எனக்கு, பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு என்ன போடுகிறார்கள் என்பது ஞாபகம் வரவில்லை. கூடத்துக்குத் திரும்பியபோது பேச்சு முற்றியிருந்தது. ரத்தத்தில் ஏதோ பெரிய நோய் கண்டுபிடித்திருக்கிறார்கள், சொல்லாமல் மறைக்கிறார்கள், அதனால்தான் எல்லோருக்கும் பத்தியம், நோய் இருப்பவர்களை மாதக் கடைசியில் நிறுத்திவிடுவார்கள். மூலையில் இரண்டு பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள். கொடுக்கலாமா என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. ஒன்றேகாலுக்கு இரண்டாம் பந்தி வரும். அதற்குள் இந்தப் பேச்சு மெஷின் வரிசை முழுக்கப் போய்விடும்.

அப்போது நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். மைக்கை எடுத்து, மிளகாயின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தேன். கப்பல், போர்த்துக்கீசியர், அதற்கு முன்னால் நம்மவர்கள் காரத்துக்கு மிளகைத்தான் நம்பினார்கள். இரண்டு நிமிடம் பேசியிருப்பேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும் மேடம். ரத்தத்துல இன்னா இருந்துச்சி?"

நான் மைக்கைக் கீழே இறக்கினேன். அதற்குள் எச்.ஆர். அதிகாரி வேர்த்து விறுவிறுக்க வந்து சேர்ந்தான். என் காதருகே, "டெஸ்ட்டுக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம். முடிஞ்சிரும்" என்றான்.

முடிந்திருக்கும்தான். அன்றைக்கு. ஆனால் சனிக்கிழமை கவரைப் பிரிப்பார்கள். ரத்தம் குறைவு என்று அதில் எழுதியிருக்கும். கேன்டீன்காரி திங்கட்கிழமையே தெரிந்து பொய் சொன்னாள் என்று புரியும். அப்புறம் நான் தண்ணீர் வைத்தால்கூடக் குடிக்கமாட்டார்கள். சமையலறையைக் காப்பாற்றத்தான் இந்த வாரத்தைக் கேட்டு வாங்கினேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் மேலாளர் மூடவேண்டியதில்லை, நானே மூடியதாக ஆகிவிடும்.

"என் கவர் எங்கே இருக்கு?" என்று கேட்டேன்.

அலமாரியில் இருக்கிறது என்றான். அதை மட்டும் கொண்டுவரச் சொன்னேன். டாக்டர் இல்லாமல் எப்படி என்று தயங்கினான்.

"என் ரத்தம்தானே தம்பி. போய் எடுத்துட்டு வா."

அவன் போய் வர நாலு நிமிடம் ஆயிற்று. கூடத்தில் யாரும் எழுந்து போகவில்லை. நான் சமையலறைக் கதவைத் தள்ளி, எங்கேயாவது மிளகாய் கிடைக்குமா என்று முனிரத்னத்திடம் கேட்டேன். அவர் குனிந்து, சாமை மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு கூடையை இழுத்தார். நிறையப் பச்சை மிளகாய். காம்புகூட வாடாமல் ஈரத்துணி போட்டு மூடியிருந்தார்.

"திருப்பிக் கொடுக்கச் சொன்னேனே?"

"வேணும்னு தெரியும் மேடம்."

"அப்ப சனிக்கிழமையே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. நீங்க தேதி சொன்னீங்க."

கவர் வந்தது. எல்லோர் முன்னாலும் பிரித்தேன். என்னுடையதில் என்ன இருக்கிறது என்று சத்தியமாக எனக்கு அதுவரை தெரியாது. குறைவு என்றுதான் இருந்தது. நான் தமிழில் சொன்னேன், சௌபாக்யா தானாகவே எழுந்து நின்று கன்னடத்தில் சொன்னாள். எனக்கு ரத்தம் குறைவு. உங்களில் நிறையப் பேருக்கும் அப்படித்தான். முகாமில் அது ஒன்றைத்தான் பார்த்தார்கள், வேறு எந்த நோயையும் தேடவில்லை, யாரையும் வேலையை விட்டு நிறுத்தப் போவதில்லை. இந்தச் சாப்பாடு அதற்காகத்தான். முன்னாடியே சொல்லியிருக்கவேண்டும், சொல்லாதது என் தப்பு. நிறுத்தப் போவதில்லை என்று நான் சொன்ன இடத்தில் எச்.ஆர். அதிகாரியைப் பார்த்தேன். அவன் ஒரு கணம் மேலே பார்த்துவிட்டு, மைக்கை வாங்கி, யாரையும் நிறுத்தமாட்டோம், கவர்களை நாளைக்கே நர்ஸை வைத்துக் கொடுத்துவிடுகிறேன் என்றான். கேட்காமலே அவன் செய்த அந்தக் காரியத்துக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

பால் கொடுக்கிறவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று என்னிடம் நேராகக் கேட்டாள். தாராளமாகக் கொடு, நாளைக்கு நர்ஸிடமும் கேட்டுக்கொள் என்றேன். உட்கார்ந்து, ஆறிப்போன சாமையைப் பிசைய ஆரம்பித்தாள்.

சௌபாக்யா உட்காரவில்லை.

"சரி மேடம். ரத்தம் கம்மி, புரிஞ்சிது. அதுக்கு மிளகாய ஏன் எடுத்தீங்க? மிளகா தின்னா ரத்தம் கொறையுமா?"

பழைய காலச் சாப்பாட்டின் மேல் எனக்கு ஓர் ஆசை என்று முனகினேன்.

"உங்க ஆசைக்கு நாங்க பத்தியமா?"

கூடம் மொத்தமும் சிரித்தது. பின்வரிசையில் ஒருத்தி மேசையைத் தட்டினாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சமையலறையிலிருந்து நெடி வந்தது. முனிரத்னம் கூடை மிளகாயையும் தோசைக்கல்லில் போட்டு வதக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மேசையாக இருமல் கிளம்பியது. புடவைத் தலைப்பால், துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீரோடு இருமினார்கள். எத்தனையோ விருந்துகளில் எத்தனையோ பாராட்டு கேட்டிருக்கிறேன். அந்த இருமல் மாதிரி ஒன்றை நான் கேட்டதில்லை.

வதக்கிய மிளகாய், பூண்டு, புளி, உப்பு. உரலில் ஒன்றிரண்டாக இடித்து, இரண்டாம் பந்திக்குத் தட்டுக்கு ஒரு கரண்டி. முதல் பந்தியில் எழுந்து போனவர்களில் சிலர் திரும்பி வந்து கை நீட்டினார்கள். நானும் அவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டேன். டைரியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். கறை அப்போது பட்டதுதான். அந்தப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "முதல் பந்தி, மிச்சம் இரண்டரை டிரம். மிளகாய் சேர்த்தது 1.10. இரண்டாம் பந்தி, அரை டிரம். மேகமூட்டம்."

செவ்வாய்க்கிழமை கவர் கொடுத்தார்கள். நர்ஸ் மாத்திரையும் கொடுத்தார். ஒரு வாரச் சாமையில் யாருக்கும் ரத்தம் ஏறிவிடாது, அதை நான் மைக்கிலேயே சொன்னேன். அன்றைக்கு நெல்லிக்காயைத் தாராளமாக மிளகாய் போட்டு ஊறவைத்துக் கொடுத்தோம். புதன்கிழமை கேழ்வரகுக் களி. கன்னடப் பெண்கள் உருட்டி விழுங்க, மென்று பார்த்த எச்.ஆர். அதிகாரியைச் சுற்றி நின்று, களியை மெல்லக்கூடாது என்று பாடம் எடுத்தார்கள். வியாழக்கிழமை முதல், மறுநாள் சமையலை முந்தின நாளே கரும்பலகையில் எழுதி, ஏன் போடுகிறோம் என்று ஒரு வரியும் சேர்த்தோம். அந்தக் கரும்பலகையைத்தான் நீங்கள் முதலில் வாங்கவேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது. சாமையும் மிளகும் எவ்வளவு பழையதாகவும் இருக்கட்டும், அதைச் சாப்பிடப்போகிறவர் இன்றைக்குப் பசியோடு வந்து வரிசையில் நிற்கிறார். எதைப் பார்த்தால் அவருக்குச் சந்தோஷம், எதைப் பார்த்தால் பயம் என்று தெரியாமல் தட்டில் கரண்டியை வைக்காதீர்கள்.

சனிக்கிழமை மேலாளர் டிரம்மைப் பார்க்க வந்தார். ஒரு டிரம், அதிலும் கால்வாசி குறை. சந்தேகத்தோடு சுற்றிப் பார்த்து, இன்னொன்றை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். காலியாகக் கவிழ்த்து வைத்திருந்த இரண்டாவது டிரம்மை அக்கா ஈரக்கையால் டம்மென்று ஒரு தட்டுத் தட்டினார். பொட்டலச் சாப்பாட்டுப் பேச்சு அதோடு போயிற்று. பதினாலு பேரும் அங்கேயே இருந்தார்கள். சுவரில் இருந்த என் பட்டியலை முனிரத்னம் கிழிக்கவில்லை. மிளகாய் என்று இருந்த இடத்தில் அடுப்புக் கரியால் ஒரு கோடு போட்டு, அம்பு வரைந்து, இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

நான் ஓய்வு பெற்றுப் பதினாலு மாதம் ஆகிறது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை. எல்லோருக்கும் அன்றைக்குக் காரமான பிசிபேளாபாத், சாமையில் செய்தது. எனக்கு மட்டும் தனியாக ஒரு தட்டு வந்தது. சாமைச் சோறு, மிளகுக் குழம்பு, பாசிப்பயற்றுக் கூட்டு, இஞ்சி மோர். அந்தத் திங்கட்கிழமைச் சாப்பாடு அப்படியே, ஒரு துண்டு மிளகாய்கூட இல்லாமல். முனிரத்னமும் சமையலறைப் பெண்களும் சுற்றி நின்றார்கள். சௌபாக்யா, இப்போது அவள் சூப்பர்வைசர், கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சாப்பிடுங்க மேடம். ஐநூறு வருஷத்துக்கு முந்தி மாதிரி இருக்கா?"

சாப்பிட்டேன். சப்பென்று இருந்தது. அதை எப்படிச் சொல்வது? பாதி வரை ஒப்பேற்றினேன். பிறகு, போதும், நாற்பது பேரிடம் விடைபெற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நைசாகத் தட்டை எடுத்துக்கொண்டு கழுவுமிடத்துக்குப் போனேன். அக்கா கை நீட்டி வாங்கினார். வழக்கம் போல என் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார்.

"மேடம் தட்டும் திரும்பி வருது" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

மிச்சத்தை டிரம்மில் தட்டவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பச்சை மிளகாயை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்து, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். நான் அங்கேயே, தொட்டியோரம் நின்றபடி, அதைக் கடித்துக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டேன். கண்ணில் நீர் வந்தது. காரம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

டைரியின் கடைசிப் பக்கத்தில் நாள், கிழமை, சமையல் எல்லாம் வழக்கம் போல எழுதினேன். மிச்சம் என்ற இடத்தில், இல்லை என்று எழுதினேன்.